பெயர் கேட்காத மன்றம்

அக்கா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பியாகிய என் வணக்கம். அழைக்காமல் வந்திருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி உண்டு. அவர்கள் இதை ஊர் திரும்பும் வழியில் படித்துக்கொள்ளலாம். மலையிலிருந்து கீழே இறங்க எழுபது வளைவுகள் இருக்கின்றன, நேரம் போதும்.

முதலில் சில திருத்தங்கள். அக்கா மறைந்த மறுநாள் சோளக்காட்டில் ஒட்டப்பட்ட சுவரொட்டியில், அவர் சோளக்காட்டில் பிறந்தவர் என்றும், தமிழாசிரியை என்றும், புரவலர் ஐயா ஒருவரின் நல்லாதரவில் இலக்கிய மன்றத்தைத் தொடங்கியவர் என்றும் அச்சிட்டிருந்தார்கள். மூன்றும் தவறு. அக்காவின் படம் தபால்தலை அளவிலும் புரவலரின் படம் கதவளவிலும் இருந்ததால், பேருந்திலிருந்து பார்த்த இரண்டொருவர் போனது புரவலர்தான் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அதுவும் தவறு. அவர் நலமாக இருக்கிறார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நாளும் கிழமையும் என்னிடம் இருக்கின்றன. மலரின் இடம் கருதி விட்டிருக்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

அக்கா பிறந்தது எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில், ஒரு மார்கழித் திங்கட்கிழமை, வெயில் ஏறிய பிறகு. அம்மா சொல்லி நான் குறித்து வைத்தது இது. பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம் என்றிருக்கும். சேர்க்கையன்று வரிசையில் நின்ற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த ஆசிரியர் ஒரே தேதியைப் போட்டார். ஒவ்வொருவரிடமும் கேட்பது அவருக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும். மலைக்காரர்கள் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று நினைக்கும் படித்த மனிதர்களை அக்கா வாழ்க்கையில் அப்படித்தான் முதன்முதலாகச் சந்தித்தார். பிறகு நிறையச் சந்தித்தார்.

அப்பாவுக்குச் சாமையும் மரவள்ளியும் போடுகிற அளவுக்கு நிலம் இருந்தது. கொஞ்சம் மிளகுக்கொடியும் இருந்தது. அக்கா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அக்கா படிப்பை நிறுத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். என்னைப் படிக்க வைத்தார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். அக்காவுக்குத் திருமணமாகி மகள் பிறந்த நான்காம் ஆண்டில், மாமா ஏணி வைத்து மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு அக்காவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. பணி ஓய்வு வரை அதைச் செய்தார். பள்ளியில் வேலை பார்த்த பெண் என்றால் ஆசிரியையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மன்றம் நடத்தியது எப்படி என்று சுவரொட்டி எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. பருப்புக்கும் முட்டைக்கும் பொறுப்பாக இருந்த ஒருவர் இலக்கியம் நடத்தினார் என்று எழுத அவருக்குக் கூச்சம்.

அக்கா படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்து, கீழே உள்ள பழைய பேப்பர் கடைகளிலிருந்து புத்தகங்களைக் கட்டுக்கட்டாக வரவழைப்பார். பெரும்பாலும் அட்டை கிழிந்தவைதான் வரும். யார் எழுதியது என்று தெரியாமலே படித்து முடித்துவிடுவார். நான் முன்பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தால் சிரிப்பார்.

"கத நல்லாருந்தாப் போதும் தம்பி. எழுதுனவரு பேரத் தெரிஞ்சு நானென்ன பொண்ணா கேக்கப் போறேன்?"

சாமைக்கதிர் கலை இலக்கிய மன்றத்தை அக்கா தொடங்கியது மகளைக் கல்லூரியில் சேர்த்த ஆண்டு, ஆவணி மாதக் கடைசி ஞாயிறு. இடம் சோளக்காட்டில் இப்ராகிம் பாயின் மிளகுக் கிடங்கு. பாய் அடிவாரத்து ஊர்க்காரர், மிளகு வியாபாரி. கிடங்கில் மூட்டை இல்லாத மாதங்களில் எங்களை உட்கார விட்டார். மூட்டை இருந்த மாதங்களில் மூட்டை மேல் உட்கார்ந்தோம். அக்கா தலைவர், நான் செயலாளர். மாதம் ஒரு வாசிப்பு, ஆடியில் ஒரு நாள் கூத்து, ஆண்டுக்கு ஒரு கைத்தைப்புத் தொகுப்பு. சங்கமாகப் பதிவும் செய்தோம்.

முதலாண்டு மன்றம் மற்ற மன்றங்களைப் போலத்தான் நடந்தது. அதாவது மோசமாக நடந்தது. மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் ஒருவர் எதை வாசித்தாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் பலாச்சுளை விற்கும் சின்னப்பொண்ணு, தன் மாடு காட்டில் தொலைந்து திரும்பிய கதையைச் சொன்னபோது பாதியிலேயே சிரித்தார்கள். அந்த ஆசிரியருடைய கவிதை காகிதப்பூ. அந்தக் கதையில் மாடு உயிரோடு வந்து நின்றது.  மறுமாதம் அக்கா புது விதி போட்டார்.

அந்த விதிதான் மன்றம். எழுதியவர்கள் ஒரு வாரம் முன்பே என்னிடம் கொடுத்துவிட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நான் ஒரே அளவுத் தாளில், ஒரே மையில், என் கையெழுத்தில் பிரதி எடுப்பேன். பெயர் போட மாட்டேன். ஞாயிறன்று தாள்களை மடித்து மிளகுக் கூடையில் போடுவோம். யார் கைக்கு எது வருகிறதோ அதை அவர் வாசிப்பார். பிறகு எல்லாரும் பேசலாம், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. பேசி முடிந்ததும் எழுதியவர் விரும்பினால் கையைத் தூக்கலாம். விரும்பாவிட்டால் சும்மா இருக்கலாம். யாருடையது என்று எவரும் கேட்கக் கூடாது. தலைவரானாலும் கேட்கக் கூடாது. எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்லக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. கைத்தைப்புத் தொகுப்புகள் இருக்கின்றன. யாருக்கும் தலையாட்ட வேண்டிய தேவை போனதும் எங்கள் மக்கள் எவ்வளவு கூர்மையாகப் பேசினார்கள் என்பதற்கு அவையே சாட்சி. அந்த ஆசிரியர் இரண்டு மாதம் வந்தார். மூன்றாம் மாதம் அவருக்குத் தலைவலி வந்தது. அது மாற்றலாகிப் போகும்வரை தீரவில்லை.

மன்றத்தின் பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் கீழிருந்து கவிஞர்கள் வரத் தொடங்கினார்கள். காலையில் வருவார்கள். வளைவுகளில் வந்த குமட்டல் இறங்கும்வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். பிறகு எங்கள் அறியாமை எவ்வளவு அழகு என்று அரைமணி நேரம் பேசுவார்கள். மற்றவர்கள் வாசிக்கத் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று நிகழ்ச்சிப் பதிவேட்டில் குறிப்பது என் வழக்கம். அதைப் புரட்டினால் தமிழ்நாட்டு இலக்கியத்தின் பொறுமை எவ்வளவு என்பது நிமிடக் கணக்கில் தெரியும்.

புரவலர் அப்படி வந்தவர்தான். கீழே கல்லூரி, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க் மூன்றும் வைத்திருந்தார். நான்காவதாகக் கவிதை வைத்திருந்தார். அவர் வந்த நேரத்தில் இப்ராகிம் பாய்க்கு உடம்பு முடியாமல் போய், மகன்கள் கிடங்கை விற்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பாய் அதற்காக எங்களிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். மழைக்காலத்தில் எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. புரவலரிடம் பதில் இருந்தது. சோளக்காட்டில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது, அங்கே மன்றத்துக்கு ஒரு கட்டடம் கட்டித் தருவார். அவரை அழைத்து வந்தது நான்தான். இதை வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறு. புரவலரோடு அவர் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும், பெயருக்கு முன்னால் ஐந்து பட்டங்கள் வைத்திருந்த கவிஞர் ஒருவரும் வந்தார்கள். எங்கள் முறையைக் கேள்விப்பட்ட புரவலர், தாமும் ஒரு கவிதையை ஒரு வாரம் முன்பே எனக்கு அனுப்பியிருந்தார். பெயரில்லாமல் வாசித்தாலும் தம் கவிதை தனியாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். உடன் வந்த இருவரிடமும் சொல்லவில்லை. அவர்கள் தாமாகவே கண்டுபிடித்து வியக்க வேண்டும் என்பது திட்டம். அந்தக் கவிதை தம்முடையது என்று பிற்பாடு அவரே கடிதம் எழுதிவிட்டதால், இதை இங்கே சொல்வதில் விதிமீறல் இல்லை.

கவிதை, ஜீப் ஓட்டும் செல்லமுத்துவின் கைக்கு வந்தது. செல்லமுத்து எதை வாசித்தாலும் ஊர் பெயர் சொல்லி ஆள் ஏற்றுவது போலத்தான் இருக்கும். மலை ஒரு மங்கை, அவள் பச்சைப் பட்டு உடுத்தியிருக்கிறாள், அருவி அந்தப் பட்டின் வெள்ளிச் சரிகை, மிளகு அவள் மூக்குத்தி. இப்படிப் போயிற்று, இரண்டு பக்கம்.

முதலில் சின்னப்பொண்ணு பேசியது.

"அருவியச் சரிகைன்னு எழுதியிருக்குதுங்க. அருவிக்குப் போற படியில ஒருக்கா எறங்கி ஏறியிருந்தா, சரிகையெல்லாம் ஞாபகம் வந்திருக்காது. முழங்காலுதான் ஞாபகம் வந்திருக்கும்."

கிடங்கு முழுவதும் சிரித்தது. மலைக்காரர் ஒருவரின் கவிதையைத்தான் மலைக்காரர்கள் கேலி செய்கிறார்கள் என்று பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். தாமும் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுந்தார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எழுதினது மாதிரி இருக்கு. எங்கேயோ படிச்ச நாலு உவமையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்காங்க. உங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நல்ல கவிதை படிக்க வாய்ப்பு இல்லை. இதை எழுதினவர் யாரா இருந்தாலும், நம்ம ஐயாவோட தொகுப்பு ஒண்ணை இலவசமா அனுப்பி வைக்கிறேன். படிச்சுட்டு எழுதட்டும்."

ஐந்து பட்டக் கவிஞர் அதற்கும் மேலே போனார். "ஐயா எழுதியிருந்தா இதே அருவி எப்படி விழுந்திருக்கும் தெரியுமா?" என்று கேட்டு, எப்படி விழுந்திருக்கும் என்று கையால் காட்டினார்.

நான் புரவலரைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு பத்து. அவர் தரையில் சிந்திக் கிடந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அக்கா தலைவர் என்ற முறையில் பேசினார். அவருக்கு எதுவும் தெரியாது.

"எழுதுனவங்க மனசு தளர வேண்டாம்ங்க. புதுசா எழுத வந்தவங்களுக்கு மொதல்ல அலங்காரந்தான் வரும். ஒரு நாளைக்கு அருவிகிட்டப் போயி சும்மா நின்னுபோட்டு வந்து, மறுபடி எழுதிக் குடுங்க. நாங்க கேக்கறோம்."

யாரும் கை தூக்கவில்லை. விருந்தினர் மூவரும் சாப்பிடாமல் புறப்பட்டார்கள். அன்று மாலை செல்லமுத்து கீழே போய்த் திரும்பியபோது செய்தி கொண்டுவந்தார்.

"பாதி வளைவுல அந்தப் பேராசிரியரு கல்லு மேல உக்காந்திருந்தாருங்க. கார் கெட்டுப் போச்சுங்களான்னு கேட்டேன். காருக்கு ஒண்ணுமில்லைன்னாரு. ஏத்திக்கிட்டுப் போயி எறக்கிவிட்டேன். வழி முச்சூடும் பேசல. எறங்கறப்ப மட்டும், அது ஐயாவோடதுன்னு எவனும் சொல்லலையேப்பான்னாரு."

பேராசிரியரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே கவிதையைப் பற்றிப் பன்னிரண்டு பக்க ஆய்வுரை எழுதி, மார்கழிக்குள் மறுபடியும் காரில் ஏறிவிட்டார்.

செல்லமுத்து சொன்னதைக் கேட்ட அக்கா அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குத் தெரியுமல்ல, அது அவருதுன்னு?"

"தெரியும்க்கா."

"அவங்க ஆளுங்களே எந்திரிச்சுப் பேசறப்ப நிறுத்தியிருக்கலாமல்ல?"

"நிறுத்துனா விதி என்னாகறதுக்கா?"

"விதிக்காக உக்காந்திருந்தியா? வேடிக்க பாக்க உக்காந்திருந்தியா?"

 அக்கா மறுபடி கேட்கவில்லை. அன்று தராத பதிலை இப்போது அச்சில் தருகிறேன்: வேடிக்கை பார்க்கத்தான். என் வாழ்நாளில் அதற்குமுன் நான் அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்ததில்லை. ஒருவரை இளப்பமாகப் பார்ப்பதற்கு மன்றத்தின் விதியைப் பயன்படுத்திக்கொண்டேன். அக்கா யாரையும் இளப்பமாகப் பார்த்ததில்லை. அதை அவர் என்னிடம் விட்டுவிட்டார். நான் அதை இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன்.

பத்து நாளில் புரவலரின் கடிதம் வந்தது. கட்டடம் கட்டித் தருவதில் மாற்றமில்லை. ஆனால் பெருமக்களின் படைப்புகளைக் கூடையில் போட்டுக் குலுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். விருந்தினர் பெயரை முதலில் அறிவித்து, அவர்களே வாசிக்க வேண்டும். கிடங்கு அதற்குள் விற்றுப்போயிருந்தது. செய்த காரியத்தின் உறுத்தல் எனக்கு இருந்தது, மழையும் இருந்தது. விருந்தினருக்கு மட்டும் விதிவிலக்கு என்று நானே ஒரு தீர்மானம் எழுதினேன்.

அக்கா அதைப் படித்துப் பார்த்தார். "பேரச் சொல்லிப்போட்டா அப்பறம் யாரு தம்பி வாயத் தொறப்பாங்க?"

"மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டாமாக்கா? விருந்தாளிக்கு மட்டுந்தானே?"

"விருந்தாளிக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு வெச்சா, அது நம்ம ஊட்டு விசேசம் இல்ல. அவங்க ஊட்டு விசேசம்."

கார்த்திகையில் பொதுக்குழு கூடியது. நான்கு கைகளைத் தவிர மற்ற எல்லாக் கைகளும் தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்தன. உயர்ந்த கைகளில் என் கையும் ஒன்று. உயராத நான்கில் ஒன்று அக்காவினுடையது, ஒன்று சின்னப்பொண்ணுவினுடையது. அக்கா முத்திரையையும் அலமாரிச் சாவியையும் என் முன்னால் வைத்தார்.

"தீர்மானம் நிறைவேறிப்போச்சு. எழுதிக்க தம்பி. தலைவரு விலகுனதையும் சேத்து எழுதிக்க."

எழுதினேன். என் பதிவேட்டிலேயே அழகான கையெழுத்தில் உள்ள பக்கம் அதுதான்.

அடுத்த ஆண்டு தையில் கட்டடம் திறக்கப்பட்டது. வாசலில் கருங்கல்லில் புரவலர் பெயர், அவர் தந்தையார் பெயர், தாயார் பெயர், திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர். மன்றத்தின் பெயருக்குக் கல்லில் இடம் போதவில்லை, பெயிண்டில் எழுதினார்கள். முதல் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலைப் பதிவேட்டில் உள்ளபடியே தருகிறேன். குத்துவிளக்கு ஏற்றுதல். வரவேற்புரை. தலைமையுரை. முன்னிலையுரை. புரவலர் கவிதை வாசித்தல். கவிதை குறித்துப் பேராசிரியர் ஆய்வுரை. பொன்னாடை அணிவித்தல். நன்றியுரை. மலைக்காரர் ஒருவரும் அன்று வாய் திறக்கவில்லை. நாங்கள் கை தட்டினோம். அதற்குப் பிறகு நான் போன ஐந்து கூட்டங்களிலும் இதே நிரல்தான், பொன்னாடைகளின் எண்ணிக்கை மட்டும் கூடியது.

சின்னப்பொண்ணுவை மூன்றாம் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எதற்கு என்று தெரியாமல் வந்தது. அரைமணி நேரத்தில் என்னிடம் வந்து நின்றது.

"ஏனுங்கண்ணா, டீ குடுக்கத்தான் என்னைய வரச் சொன்னீங்களா? என்ற கத எப்பங்க வரும்?"

"அடுத்த தடவ பாக்கலாம் கண்ணு."

"உங்களுக்கே தெரியும், வராது. நான் அக்காகிட்டப் போறேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கை உயர்த்தாத நால்வரும் அதே கடைசி ஞாயிறுகளில், சோளக்காட்டுப் பயணியர் நிழற்குடையில், அதே மிளகுக் கூடையை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு நிற்பவர்களும் கேட்டார்கள். கதை முடியட்டும் என்று பேருந்தை விட்டவர்களும் உண்டு என்று செல்லமுத்து சொன்னார். அவருடைய ஜீப்புக்கு அதனால் ஆள் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நான் உடனே போகவில்லை. ஆறாம் கூட்டத்தில் எனக்கு ஆவணச் செம்மல் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன். பொன்னாடையோடு அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா தொட்டுப் பார்த்தார்.

"துணி நல்லாருக்குது. மார்கழிக்குப் போத்திக்க."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பிரதி எடுக்கத் தொடங்கினார். நான் கட்டடத்துக்குப் போன பிறகு அவர்களுக்குப் பிரதி எடுக்க ஆளில்லை. சர்க்கரை நோய் அதற்குள் கண்ணில் இறங்கியிருந்தது. தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அவர் கொடுத்தார்.  மறுநாள் மன்றச் செயலாளர் பதவியிலிருந்து விலகிக் கடிதம் அனுப்பினேன். அதில் காரணம் எழுதவில்லை; அவர்களுக்குப் புரியும்படி எழுத எனக்கு வராது.

அதன் பிறகு ஒவ்வொருவராக நிழற்குடைக்குத் திரும்பினார்கள். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அக்கா எவரையும் கேட்டதில்லை. கட்டடத்தில் கூட்டங்கள் குறைந்து, பிறகு நின்றன. கேட்க ஆளில்லாத இடத்தில் புரவலருக்கு வேலையில்லை. இப்போது அங்கே கல்யாண வீட்டுப் பாத்திரங்களும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வாடகைக்குக் கிடைக்கும். அந்த நாற்காலிகள் தரமானவை என்று கேள்வி. பதிவு பெற்ற மன்றமும் முத்திரையும் இன்றும் அவர்களிடம்தான் இருக்கின்றன. வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவின் கடைசி இரண்டாண்டுகள் கடினமானவை. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை கீழே போய் இரத்தம் சுத்திகரித்து வர வேண்டியிருந்தது. ஞாயிறு மட்டும் அந்த நாளாக அமையாமல் பார்த்துக்கொண்டார். தையின் கடைசி ஞாயிறு அவர் வந்த கடைசி வாசிப்பு. ஜீப்பிலிருந்து இறங்க முடியவில்லை. செல்லமுத்து வண்டியை நிழற்குடைக்கு ஒட்டி நிறுத்தினார். அக்கா பின் இருக்கையிலிருந்தே கேட்டார். ஒரு கதைக்கு, "முடிவு அவசரப்படுதுங்க, பஸ்ஸு வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். மாசி மாதம், புதன்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, மகள் அருகில் இருக்கும்போது மறைந்தார்.

உடலைக் கட்டடத்தில் வைக்கலாம், அஞ்சலிக்கு வசதியாக இருக்கும் என்று அன்று பகலிலேயே ஆள் வந்தது. அக்காவின் மகள், என் மருமகள், வாசலிலேயே நின்று பதில் சொன்னாள். "அம்மா அந்தக் கட்டடத்துக்குள்ள போனதே இல்லீங்க. இன்னிக்கு அவங்களக் கேக்காம எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

இந்த மலருக்காகப் புரவலர் இரங்கல் கவிதை ஒன்று எழுதியிருப்பதாகவும், முதல் பக்கத்தில் படத்தோடு போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பெயரில்லாமல் கூடைக்கு அனுப்பலாம், மற்றவற்றோடு வாசிக்கிறோம் என்று பதில் எழுதினேன். இன்றுவரை வரவில்லை. பேராசிரியர் நேரிலேயே வந்தார். அக்காவின் கவிதைகளைத் தொகுத்தால் புரவலர் முன்னுரையோடு நூலாக்கலாம் என்றார். "அம்மையார் பெயர் போட்டாத்தான் நாலு பேர் கவனிப்பாங்க" என்றார். பெயர் போட்டுத்தான் அவர் ஒரு கவிதையைக் கவனிப்பார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். காபி கொடுத்து அனுப்பினேன்.

மருமகளை அப்படி அனுப்ப முடியவில்லை. கருமாதி முடிந்த பிறகு அவள் கேட்டாள்.

"மாமா, அம்மா எழுதுனாங்களா?"

"எழுதினாங்க."

"கையத் தூக்குனாங்களா?"

"ஒரு தடவ கூடத் தூக்கல."

"மலருக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க மாமா. நான் மகள்தானே? எனக்குக்கூடவா சொல்லக் கூடாது?"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பிரதி எடுத்துக் கூடையில் போன ஒவ்வொரு தாளின் மூலமும் என்னிடம் இருக்கிறது. அக்காவின் கையெழுத்தில் உள்ளவை எவை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மகளுக்கு ஒன்று கொடுத்தால் குற்றமா? கொடுத்தால் இந்த மலரை வாங்கும் நீங்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பீர்கள், நல்ல வார்த்தை சொல்வீர்கள். அக்கா அதை விரும்பியிருந்தால் உயிரோடு இருந்தபோதே கையைத் தூக்கியிருப்பார். விருந்தாளிக்கு மட்டும்தானே என்று ஒரு முறை சொன்னவன் நான். மகளுக்கு மட்டும்தானே என்று இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் என் பிரதிகள் அனைத்தையும், விதி வந்த மாதத்திலிருந்து கடைசி ஞாயிறு வரை, மூன்று பெட்டிகளாகக் கட்டி மருமகளிடம் கொடுத்தேன். எல்லாம் என் கையெழுத்து. எதிலும் பெயர் இல்லை. "இதுக்குள்ள இருக்காங்க கண்ணு. எல்லாத்தையும் படி" என்றேன். அவள் அழுதாள். என்மேல் கோபத்தோடுதான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதிகமில்லை. வாரம் இரண்டு முறை இரண்டு ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல், அக்காவைத் தூக்கி வைத்து வளைவுகளில் மெதுவாக ஓட்டிய செல்லமுத்துவுக்கு நன்றி. தள்ளாத நிலையிலும் மேலே வந்து, ஊர்வலத்தின் கடைசியில் நடந்த இப்ராகிம் பாய்க்கு நன்றி. பதினாறு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் சமைத்த சின்னப்பொண்ணுவுக்கும், மருத்துவமனையில் அக்காவைப் பாட்டி என்று கூப்பிடாமல் அம்மா என்று கூப்பிட்ட செவிலியர்களுக்கும் நன்றி. நிழற்குடையில் எங்களை விரட்டாத நடத்துனர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் நன்றி. மற்றபடி மாலை போட்டவர்கள், படம் எடுத்துக்கொண்டவர்கள், அஞ்சலி செலுத்திவிட்டு அருவி பார்க்கப் போனவர்கள் ஆகியோரின் வருகையும் புறப்பாடும் நேரத்தோடு குறிக்கப்பட்டிருக்கின்றன.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து, ஆவணியில், மருமகள் பெட்டிகளோடு வந்தாள். ஓரங்கள் மடிந்திருந்தன, சில தாள்களில் குழம்புக் கறை இருந்தது. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்ததாகச் சொன்னாள். அதிலிருந்து ஒன்பது தாள்களைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள். "இது ஒம்பதும் அம்மாதான் மாமா" என்றாள். நான் ஒவ்வொன்றாக முழுவதும் படித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை; சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தாள்.

எத்தனை சரி என்று அவள் கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு என் நன்றி.